கத்திரி வெயிலில் மாத்திரை வண்டி

மே 5, திங்கள்
கத்திரி தொடங்கிவிட்டது. எங்கள் முதியோர் மனநல வார்டில் இந்த மாதம் முழுக்க லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் மேல்தான் என் கண். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அது கூடினால் ஆபத்து. வயதானவர்களுக்கு ரத்தத்தில் லெவல் 0.4 முதல் 0.8 வரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) இருந்தாலே பெரும்பாலும் போதும். சார்ட்டில் மாத்திரையோடு, குடித்த தண்ணீரையும் எழுதுகிறோம்.

மே 7, புதன்
புது அட்மிஷன். 68 வயது அம்மா, பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய்), பல வருடமாக லித்தியம். மகன் மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். சர்க்கரை மாத்திரை, ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த பிரஷர் மாத்திரை, அடியில் பாதி தீர்ந்த டைக்ளோஃபெனாக் அட்டை.

"அது சும்மா மூட்டு வலிக்கு, சிஸ்டர். மெடிக்கல்ல கேட்டு வாங்கினது."

அந்தச் 'சும்மா'தான் எந்தச் சீட்டிலும் இருக்காது. பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை இரண்டுமே லித்தியத்தை ஏற்றிவிடும். போதாக்குறைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு வேறு. "கையை நீட்டுங்கம்மா" என்றேன். விரல்கள் தடதடவென்று ஆடின. டம்ளர் தண்ணீர் பாதி புடவையில். பேச்சும் குழறியது. இரவு டோஸைக் கொடுக்காமல் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன்.

மே 8, வியாழன்
ரத்தத்தில் லித்தியம் லெவல் 1.7. லித்தியம், டைக்ளோஃபெனாக், பிரஷர் மாத்திரை மூன்றும் நிறுத்தம். சலைன் ஓடுகிறது.

மே 10, சனி
ஒரு தாத்தா மாத்திரையைப் பல்செட்டுக்கு அடியில் ஒளிக்கிறார். "நான் என்ன சின்னப் பையனா, வாயைத் திறன்னு சொல்றீங்க?" என்று கோபம். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். பேசிடேன் (மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கம், விறைப்புக்குத் தரும் மாத்திரை) போட்டதிலிருந்து ஒன்றுக்குப் போக முக்க வேண்டியிருக்கிறதாம். அதைச் சொல்லக் கூச்சம். ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், அந்த மாத்திரை சிறுநீரைக் கட்டத்தான் செய்யும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி. டாக்டர் வந்து சிறுநீர் இறங்க டியூப் போடச் சொன்னார், பேசிடேனையும் நிறுத்தினார்.

மே 12, திங்கள்
செவிலியர் தினம். கீழே கேக், மைக்கில் பேச்சு. நான், ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தின் டோஸ் கூட்டப்பட்ட ஒருவருக்குப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தேன், 138. நிற்க வைத்துப் பார்த்தால் 112. உடனே உட்கார வைத்தேன். பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்று அட்டெண்டரிடம் சொல்லி, டாக்டருக்கும் போன் செய்தாயிற்று.

லித்தியம் அம்மாவுக்கு லெவல் 0.7. மகன் வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். பாராசிட்டமால், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.