திருப்பதிக்கு ஊத்துக்கோட்டை வழியாக

திருப்பதி போகிற சென்னைக்காரர்கள் அநேகமாகத் திருத்தணி, நகரி ரோட்டைத்தான் பிடிப்பார்கள். நான் ஊத்துக்கோட்டை வழியைத்தான் சொல்வேன். நேரம் கூடும்தான். ஆனால் மலையேறுவதற்குள் ஏழுமலையானின் கல்யாணம் நடந்த ஊர்வரை கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

இந்த முறை அம்மாவும் மாமாவும் உடன் வந்தார்கள். ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா, ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட ஈசன் அம்பிகை மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பெருமாளைத்தான் இப்படிப் பார்த்துப் பழக்கம். சிவனைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரதோஷத்தன்று கூட்டம் தள்ளும். மற்ற நாளில் நின்று நிதானமாகச் சேவிக்கலாம். வாசலில் பூக்காரம்மா தமிழில்தான் பேசினார். 1960-இல் எல்லையை மாற்றியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் அங்கே போயின. பேச்சு மாறவில்லை.

அங்கிருந்து மலைத்தொடரைப் பார்த்தபடியே நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவி பெயரில் அமைத்த ஊர். வேதநாராயணப் பெருமாள் இங்கே மச்சாவதாரக் கோலம். கோயில் மேற்கு பார்த்தது. மார்ச் மாதம் மூன்று நாள், சாயங்கால வெயில் ராஜகோபுர வாசல் வழியே உள்ளே நுழைந்து முதல் நாள் பாதம், மறுநாள் நாபி, மூன்றாம் நாள் திருமுடி என்று சுவாமியின் மேல் ஏறும். இவ்வளவு தூரத்துக்குக் கணக்குப் பிசகாமல் கட்டிய ஸ்தபதிகளையும் சேர்த்தே கும்பிடத் தோன்றியது.

நாராயணவனத்தில், பத்மாவதித் தாயார் கல்யாணம் நடந்த தலம் என்பதால் அம்மா கொண்டுபோன மஞ்சள் குங்குமத்தை வைத்து வாங்கிக்கொண்டார். அப்புறம் புத்தூர், திருப்பதி, மலை.

திரும்பும்போது மாமா கேட்டதற்காகக் குடிமல்லம் போனோம். சுவர்ணமுகி ஆற்றோரத்தில் சின்ன கிராமம். பரசுராமேசுவரர் கோயிலின் கருவறை பின்புறம் யானை முதுகுபோல் வளைந்தது. உள்ளே தரை தாழ்ந்திருக்கிறது. அர்ச்சகர் விளக்கை மெல்லக் கீழிருந்து மேலே கொண்டுபோனார். ஏறக்குறைய ஐந்தடி உயர லிங்கம். அதன் முகப்பிலேயே ஈசன் நிற்கிறார், குனிந்து உட்கார்ந்த ஒரு குள்ள உருவத்தின் தோள்மேல். வலக்கையில் ஓர் ஆட்டுக்கடாவின் பின்னங்கால்கள், இடக்கையில் சிறு கமண்டலம், தோளில் மழு. ஆடையின் மடிப்புகூட இன்னும் தெரிகிறது. பல ஆய்வாளர்கள் இதைக் கிறிஸ்துவுக்கு முற்பட்டதாகச் சொல்கிறார்கள். பிந்தையது என்பவர்களும் உண்டு. பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள் சுவரில் இருக்கின்றன. அத்தனை அரசர்களுக்கும் முன்பே யாரோ ஒரு சிற்பி இந்தக் கல்லில் சிவனைக் கண்டிருக்கிறார். மாமா நெடுநேரம் நகரவே இல்லை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில், நித்திய பூஜை உண்டு. ரேணிகுண்டாவிலிருந்து பாப்பாநாயுடுபேட்டை வழி விசாரித்துப் போங்கள். காளஹஸ்தி போகிறவர்கள் காலையிலேயே இதை முடித்துக்கொண்டால் நல்லது.