சல்லடைக்குக் கீழ விழுற தூசி

எங்க ஊர்ப்பக்கம் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன்னு சொன்னா அடுத்த கேள்வி "செக்ரிலயா தம்பி வேலை?"ன்னுதான் வரும், செக்ரின்னா மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து காரைக்குடிக்கு வந்த இன்ஸ்டிட்யூட், ஊருக்கே பெருமை அது. நான் வேலை பாக்குறது அங்க இல்ல, ஊருக்கு வெளிய பெட் (PET) பாட்டில், அதான் தண்ணி, கூல்டிரிங்க்ஸ் வர்ற பிளாஸ்டிக் பாட்டில், அரைச்சுக் கழுவுற ஒரு சின்ன யூனிட்ல. அதுலயும் என் பொறுப்பு பாட்டில் அரைச்சா மிஞ்சுற தூசி.

தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர்னு சுத்துப்பட்டு காயலான் கடைலேர்ந்து பாட்டில் வரும், லேபிளை உரிச்சு கிரைண்டர்ல விட்டு, காஸ்டிக் போட்ட சுடுதண்ணில அலசி, தொட்டில போட்டா மூடித்துண்டு மிதக்கும், பெட் கீழ தங்கும், காயவச்சு சலிச்சா நல்ல ஃப்ளேக்ஸ், அதாவது பாட்டில் சில்லு, மூட்டைக்குப் போயிடும். சல்லடைக்குக் கீழ விழுறதுதான் ஃபைன்ஸ், நாங்க தூசின்னே சொல்றது. உள்ளங்கைல வச்சுத் தேய்ச்சா நறநறன்னு மணல் தட்டுப்படும், லேபிள் பேப்பரோட நார் இருக்கும், பசை லேசா ஒட்டும். பாட்டில்ல இருந்த அழுக்குல பாதி கடைசில வந்து சேர்றது இதுலதான்.

இதை ஃப்ளேக்ஸோட சேத்து உருக்க முடியாது. பெட் உருக 260 டிகிரிக்கு மேல போகணும், பொடில ஈரம் நிறைய தங்கியிருக்கும், அந்த சூட்டுல ஈரம் இருந்தா பிளாஸ்டிக்கோட மூலக்கூறு செயின் அறுந்து மஞ்சளாயிடும், ஃபில்டர் வலை அடைச்சுக்கும், சரக்கு வாங்குறவங்க தூசி ஜாஸ்தின்னு சொல்லி விலையைக் குறைப்பாங்க. அதனால பல இடத்துல மூட்டை கட்டி மூலைல போட்டுடுறது, இல்லன்னா கழுவின தண்ணியோட சேந்து வெளிய ஓடிடும். எனக்குப் பொறுக்காதது இந்த ரெண்டாவது விஷயம்தான். வீட்டுக் கூரைல விழுற மழைத்தண்ணியைக்கூட முற்றத்துல பிடிச்சு வச்ச ஊரு இது, ஊருணியும் கண்மாயும் நம்பியே பொழச்ச சீமை, அந்தக் கண்மாய்ல இந்தப் பொடி போய் சேந்துச்சுன்னா திரும்ப எடுக்க யாராலயும் முடியாது.

புதுவயல்ல இத்தனை ரைஸ்மில் ஓடுது, யாராவது தவிட்டை வீசுறாங்களா, அது எண்ணெய்க்குப் போயிடுது இல்லையா, அந்த மாதிரி தூசிக்கும் தனியா ஒரு வழி வேணும்னுதான் கிளைக்காலிசிஸ் ஆரம்பிச்சோம். விஷயம் இதுதான், எத்திலீன் கிளைக்கால்ங்கிற திரவத்துல தூசியைப் போட்டு, வினையை வேகப்படுத்த துத்தநாக அசிடேட் கொஞ்சம் சேத்து 190 டிகிரி பக்கம் சூடு பண்ணா பாலிமர் செயின் துண்டு துண்டாகி பி.ஹெச்.இ.டி.ங்கிற மோனோமரா, அதாவது செயினைக் கோக்குற சின்ன மூலக்கூறா மாறிடும், அதுலேர்ந்து திரும்ப பெட்டே பண்ணலாம். கணக்குப்படி 192 கிலோ பெட்டும் 62 கிலோ கிளைக்காலும் சேந்தா 254 கிலோ மோனோமர். உருக்குறதுக்கு எந்தப் பொடித்தன்மை தொந்தரவோ அதுவே இங்க லாபம், பரப்பு ஜாஸ்தி, சீக்கிரம் கரையும்.

ஆனா ரியாக்டர் பக்கத்துல நின்னு பாத்தாதான் தெரியும். தூசி சரியா காயலன்னா டெம்பரேச்சர் ஏறவே ஏறாது, தண்ணி முழுக்க ஆவியாகிப் போறவரைக்கும் அப்படியே கீழயே நிக்கும், கழுவின சோப்பு மிச்சம் இருந்தா நுரை வேற பொங்கி மேல வரும். தப்பி வந்த மூடித்துண்டு உருகி மேல ஏடா மிதக்கும், அதை அள்ளிடலாம், பிரச்சனையில்ல. பி.வி.சி. லேபிள் உள்ள வந்தாதான் ஆபத்து. பெட்டுக்கும் அதுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒண்ணு, 1.38 பக்கம், தொட்டில ரெண்டுமே முங்கிடும், பிரியாது, சூட்டுல அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு பாத்திரத்தையே அரிக்கும். அதைத் தடுக்குறது எந்த மெஷினும் இல்ல, எங்க யூனிட்ல சார்ட்டிங் பெல்ட்ல நிக்கிற அக்காமாரோட கண்ணுதான், லேபிளைக் கையால தொட்டே இது வேற ரகம்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நான் செய்யிற கெமிஸ்ட்ரி முழுக்க அவங்க கைல நிக்கிது, சம்பளம் பேசும்போது இதை எல்லாரும் நினைச்சுப் பாக்கணும்.

வினை முடிஞ்சதும் கொதிக்கிற தண்ணி ஊத்தி சூடாவே வடிகட்டணும், மணலும் நாரும் துணில நின்னுடும், கீழ இறங்குன தண்ணியை ஐஸ்ல வச்சு ஆற விட்டா முதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம் கண்ணாடி ஓரத்துலேர்ந்து மெல்லிசா வெள்ளை ஊசி ஊசியா படிகம் கிளம்பி பாத்திரம் முழுக்க நிறைஞ்சிடும். பெல்ட் அக்கா ஒருத்தங்க வந்து பாத்துட்டு "இது என்ன தம்பி, உப்பா?"ன்னாங்க. நீங்க பொறுக்குன பாட்டில்தான்க்கான்னேன். நம்பவே இல்ல, கைல வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க.

2022ல வந்த ஈ.பி.ஆர். விதில, அதாவது பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு கம்பெனிகளே பொறுப்புங்கிற விதில, கெட்டி பிளாஸ்டிக் பேக்கிங்ல 2025-26லேர்ந்து 30 சதவீதம் மறுசுழற்சி சரக்கு இருக்கணும்னு போட்டதுலேர்ந்து, நல்ல ஃப்ளேக்ஸையும் ரியாக்டர்ல போட்டா என்னன்னு கேக்குறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. நான் வேணாம்னுதான் சொல்வேன். சூடு பண்ண, மிஞ்சின கிளைக்காலை வேக்குவம்ல வடிச்சு மீட்க, தண்ணியை ஓட்ட எல்லாத்துக்கும் எரிபொருள் போகுது, சுத்தமான ஃப்ளேக்ஸை நேரா உருக்குறதுதான் கம்மி செலவு, கம்மி புகை. உருக்க முடியாததுக்கு மட்டும் ரியாக்டர்.

இப்ப பச்சை பாட்டில் தூசியைத் தனியா மூட்டை கட்டச் சொல்லியிருக்கேன், ஆக்டிவேட்டட் கார்பன்ல விட்டும் சாயம் முழுசா போகல. அந்த மோனோமரை பெட்டுக்கு அனுப்பாம மலேயிக் அன்ஹைட்ரைடுங்கிற கெமிக்கலோட சேத்து ஃபைபர் சாமானுக்கான ரெசின் பண்ணிப் பாக்கப் போறோம், கூரை ஷீட்டுக்கும் தண்ணித் தொட்டிக்கும் பச்சை நிறம் ஒரு குறையே இல்ல.