ஐயா மிச்சம் வைத்த கங்கை

ராமேஸ்வரத்துச் சேதுவில் மண் எடுத்துப் பிரயாகையில் கரைத்து, கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தி. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) மண்ணைக் கரைத்தார், கங்கையும் கொண்டுவந்தார். திரும்ப ராமேஸ்வரம் போகத்தான் வாய்க்கவில்லை. ஈயம் வைத்து அடைத்த அந்தச் செப்புச் சொம்பு, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் சாமி அறையில் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் துலக்கிப் பொட்டு வைப்பார்.

"தை பிறக்கட்டும், போவோம்" என்பார். தை பிறக்கும், கூடவே யாருக்காவது ஒரு செலவும் வந்து நிற்கும். அண்ணன் இறந்ததும் அவர் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்தவர். அண்ணன் மகள்களைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார். பலசரக்குக் கடையில் மழை பொய்த்த வருஷங்களின் கடன் நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். பிறகு முழங்கால் விட்டுவிட்டது. எங்களுக்காகத்தான் அவருடைய வேண்டுதல் நின்றுபோனது. அதனால் ஐயாவின் தலைத்திவசம் முடிந்ததுமே அப்பத்தா சொல்லிவிட்டார்: "அந்தச் சொம்பை எடுங்க. இனி தள்ளக் கூடாது."

ஐயா போனது 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில். நாங்கள் 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் போனோம். கடல் தெரிந்ததும் அப்பத்தா சொம்பை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அக்னி தீர்த்தக் கரையில் இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். திதி, தோஷம், பரிகாரம் என்று ஆளுக்கொரு விலை. வேண்டாம் என்றாலும் பின்னாலேயே வருகிறார்கள். துக்கத்தோடு வருகிற குடும்பத்தின் முகத்தைப் பார்த்துத் தொகை சொல்வது மகா பாவம். சித்தப்பா கோபப்பட, அப்பத்தா "நாம வந்த வேலையப் பாரு" என்று அடக்கினார். அப்பா தர்ப்பணம் கொடுத்து எழுந்தபோது கண் சிவந்திருந்தது, உப்புத் தண்ணீராலா என்று நான் கேட்கவில்லை.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியே தீருவேன் என்று அப்பத்தா நின்றார். வழுக்குகிற கல், நெரிசல், முதுகில் இடிக்கும் கூட்டம். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்துக் கோடி தீர்த்தம் வருவதற்குள் எனக்கே நடுங்கியது. அவரோ ஒவ்வொரு வாளிக்கும் தலையைக் குனிந்து கொடுத்தார்.

ஈரம் மாற்றி, சீட்டு வாங்கிச் சன்னதிக்குப் போனோம். முந்தின இரவே அப்பா ஈயத்தைக் கீறி எடுத்திருந்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் தண்ணீர் கொஞ்சமும் கலங்கவில்லை. குருக்கள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். விளக்கு வெளிச்சத்தில், சீதாப்பிராட்டி மணலில் பிடித்த அந்த லிங்கத்தின் மேல் தண்ணீர் மெல்லிசாக இறங்கி, உச்சியிலிருந்து இரண்டாகப் பிரிந்து வழிந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. பின்னால் "நகருங்க, நகருங்க" என்று சத்தம். அப்பத்தா நகரவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல், "கொண்டாந்து சேத்துட்டோம்ங்க" என்றார். சாமியிடம் சொன்னாரா ஐயாவிடம் சொன்னாரா தெரியாது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே மறந்துபோனது.

பர்வதவர்த்தினி அம்மனையும் சேதுமாதவரையும் கும்பிட்டோம். மூன்றாம் பிராகாரத்தை நின்று பார்க்கக்கூட இல்லை, தூணெல்லாம் ஒரே நீர்த்திரையாகத் தெரிந்தது.

ராமநாதா, அப்பத்தாவின் கால் வழுக்காமல் காத்தாய். அந்தச் சொம்பை இத்தனை வருஷம் ஒரு சொட்டுக் குறையாமல் வைத்திருந்தாய். எல்லாவற்றுக்கும் மேலே, அப்படி ஒரு மனிதரை எங்களுக்கு ஐயாவாகக் கொடுத்தாய். உனக்குக் கோடி நமஸ்காரம் அப்பா.