ஹெர்ரிங் மீனும் ஒரு தலைநகரமும்

டென்மார்க் தலைநகரம் கோபன்ஹேகன் பத்தி ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், மனசு அங்கேயே நிக்குது. ஆரம்பத்துல பேரே வெறும் ‘ஹாவ்ன்’, துறைமுகம்னு அர்த்தம், அவ்ளோதான்! ஹெர்ரிங் மீன் பிடிக்கிற சின்ன ஊரு. 1167 வாக்குல பிஷப் அப்சலோன் அங்க ஒரு கோட்டை கட்டுறாரு, வியாபாரிங்க வந்து குவியுறாங்க, பேரும் ‘வியாபாரிகள் துறைமுகம்’னு ஆயிடுது. அப்புறம் நாலாம் கிறிஸ்டியன் ராஜா காலத்துல கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன்ங்கிற புதுப் பகுதி, வட்டக் கோபுரம்னு ஊரு விரியுது, நம்ம தரங்கம்பாடி கோட்டை 1620ல எழும்பினதும் இதே ராஜா காலத்துலதாங்க!

1728லயும் 1795லயும் பெரிய தீ, 1807ல பிரிட்டிஷ்காரன் குண்டு, இத்தனைக்கும் நடுவுல ஜனம் கோட்டைச்சுவருக்குள்ளயே நெருக்கியடிச்சு வாழ்ந்துருக்கு, 1853ல காலரா வந்து ஆயிரக்கணக்குல செத்தாங்க, அதுக்கப்புறந்தான் கோட்டைவாசலெல்லாம் இடிபட ஆரம்பிச்சுது. அந்த ஜனங்கள நெனச்சா நெஞ்சு அடைக்குது.