ஏழு மாதம் சாரத்துக்குள் மறைத்த புண்

மனுசி கிணற்றடிக் கல்லில் என் சாரத்தைத் தோய்த்துக்கொண்டிருந்தா. இடையில் நிறுத்தி, துணியை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தா. பிறகு ஈரக் கையோடு உள்ளே வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டா: “இஞ்சாருங்கோ, உங்களுக்கு எங்கையிருந்து ரத்தம் வருது?”

2023 பங்குனி மாதம். அந்தப் புண் வந்து அப்போது ஏழு மாதமாகியிருந்தது.

எனக்கு இப்போது 65 வயது. வலிகாமத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆண்குறியில் புற்றுநோய் வந்து, அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகும் சைக்கிள் ஓடிச் சந்தைக்குப் போய் வருகிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வருத்தம் வந்த நேரம், நான் இந்த வழியால் போனவன் என்று தமிழில் சொல்ல ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் அரிப்புத்தான். பிறகு முன்தோலுக்கு உள்ளே, விரலால் தொட்டால் பயற்றங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நோவில்லை. நோவில்லாதபடியால் பெரிய விசயமில்லை என்று நினைத்தேன். கண்ணால் பார்க்கவும் முடியவில்லை, ஏனென்றால் இளவயதிலிருந்தே எனக்கு முன்தோல் முழுக்கப் பின்னுக்குப் போகாது. எல்லா ஆம்பிளையளுக்கும் அப்படித்தான் என்று அறுபது வயது மட்டும் நம்பியிருந்தேன். யாரிடம் கேட்டு அறிகிறது?

அது 2022 ஆவணி. நாட்டில் பெற்றோல் இல்லை, மருந்துத் தட்டுப்பாடு. எனக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது. ஒரு மருந்துக்கடையில் ‘பூஞ்சணத்துக்கு’ என்று ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். ஒரு மாதம் கழித்து நாற்றம் தொடங்கியது. தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் சாரத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. கதிரையில் இருத்தியபடியே இரண்டு கேள்வி கேட்டு, சீனி வருத்தம் இருக்கோ என்று பார்த்து, இன்னொரு களிம்பும் ஐந்து நாள் குளிசையும் எழுதித் தந்தார். அவர் பார்க்காமல் விட்டது எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆம்பிளைக்கு அந்த இடத்தில் புண்ணென்றால் களிம்பு தருகிறவர் தரட்டும், ஆனால் கண்ணால் பார்த்துவிட்டுத் தரட்டும். பார்க்காவிட்டால், “ஒருக்காப் பாருங்கோ டொக்டர்” என்று நாங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

மனுசிக்குத் தெரிந்த அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு இரண்டு பேரும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் எடுத்தோம். ஓபிடியில் துண்டு எழுதுகிற இடத்தில் “சலம் போக எரியுது” என்று சொன்னேன். அது போதும், வரிசையில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. உள்ளே இருந்த டொக்டர் என் மகளைவிட இளமையான பிள்ளை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டிட்டு, “ஐயா, ஆம்பிளை டொக்டர் ஒருத்தர் பார்த்தால் உங்களுக்குச் சுகமாயிருக்குமோ?” என்று அவவே கேட்டா. திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு நிமிசம். அந்த இரண்டு நிமிசத்துக்குப் பயந்துதான் ஏழு மாதம் போக்கினேன்.

அன்றைக்கே யூறோலஜி கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள். அங்கே பெரிய டொக்டர் புண்ணைப் பார்க்க முதல் இரண்டு பக்கக் கவட்டையும் விரலால் அமத்தி அமத்திப் பார்த்தார். வலது பக்கம் கொஞ்ச நேரம் கூட நின்றது அவருடைய விரல். நெறி கட்டியிருந்தது. காலில் புண் வந்தால் நெறி கட்டும்தானே என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் பயொப்சி. விறைக்க ஊசி போட்டு, இறுகிப்போன முன்தோலைக் கீறித் திறந்து, புண்ணில் ஒரு சின்னத் துண்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அன்றைக்கே விட்டார்கள். இதற்குப் போகிறவர்கள் இரண்டு சாரம் கூடக் கொண்டுபோங்கோ. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதேங்கோ. திரும்பிவர ஓட்டோ பிடியுங்கோ, பஸ் குலுக்கம் தாங்காது.

முடிவு வந்த நாள் மனுசியையும் உள்ளே கூப்பிட்டார் டொக்டர். “ஐயா, இது புற்றுநோய். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா எண்டு சொல்லுறது, தோலில துவங்கிற வகை. அந்த இடத்தில வாற புற்றுநோயில நூற்றுக்குத் தொண்ணூற்றைஞ்சு இதுதான். பரவிறதெண்டால் முதல் கவட்டு நெறிக்குத்தான் போகும். அதால நாங்கள் இரண்டு இடத்தையும் பார்க்கவேணும்.”

நான் கேட்ட முதல் கேள்வி சாவைப் பற்றியதில்லை. “முழுக்க வெட்டுறதோ?” என்றுதான் கேட்டேன். அவர் பேனாவை எடுத்துக் கடதாசியில் கீறிக் காட்டினார். தொடக்கத்திலேயே வந்திருந்தால் தோலை மட்டும், அல்லது புண்ணைச் சுற்றி மட்டும் எடுத்திருக்கலாமாம். இப்போது நுனிப் பகுதி போகவேண்டும். நின்று சலம் கழிக்கக்கூடிய அளவு மிச்சம் வைக்கப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தக் கடதாசி இன்னும் என் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது.

மனுசி கேட்ட கேள்வி வேறு: “டொக்டர், இது எனக்குத் தொத்துமோ?” புற்றுநோய் தொற்றாது என்றார். ஆனால் எச்பிவி என்றொரு வைரஸ் இருக்கிறது. இந்த நோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதுவும் ஒரு காரணம். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருவதும் அதே வைரஸால்தான் என்று சொல்லி, அவவையும் கருப்பைக் கழுத்தைப் பார்க்கிற பப் பரிசோதனை ஒன்று செய்யச் சொன்னார். அவ செய்தா, பிழையில்லை. பேத்திக்குத் தரம் 6இல் பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசி இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. இலங்கையில் 2017இலிருந்து பெண்பிள்ளைகளுக்கு அதைப் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 2019இலிருந்து ஆண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். எங்கள் பெடியங்களுக்கும் வரவேண்டும் என்று கேட்கிறேன்.

ஒப்பரேசன் முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். விழிப்பாகத்தான் இருந்தேன், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சலக் குழாய் சில நாள் இருந்தது. குழாயைக் கழற்றின அன்று மிஸி வாசலில் நிற்க, நான் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ரொய்லெற்றில் நின்றேன். தெறித்துத் தெறித்து, பிறகு நேராக வந்தது. நின்றுகொண்டுதான் போனேன். அப்படியே அழுதுவிட்டேன். வெளியில் மிஸி, “ஐயா, சரியோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

சில வாரம் கழித்துக் கவட்டு நெறிகளை எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் முதல் ஒப்பரேசனைவிட இதுதான் கஷ்டம். காயம் ஆற நாள் எடுத்தது, நீர் கசிந்தது, வலது கால் இன்றைக்கும் பின்னேரமானால் வீங்கும். இறுக்கமான நீளக் காலுறை போடுகிறேன். எடுத்த நெறிகளில் ஒன்றில் நோய் இருந்தது. அதன் பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 2011இல் தெற்கே தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து காசு சேர்த்துக் கட்டின ஆஸ்பத்திரி அது. அது இல்லாவிட்டால் நான் ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமையில் இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். காலும் கவட்டும் அப்படியிருக்க ஓரிரவுப் பயணம் என்றால், நான் இடையில் விட்டிருப்பேன்.

தம்பி 1986இல் டென்மார்க் போனவன். அவனுடைய மகள் அங்கே தாதி. நான் படுத்திருந்த நேரம் வாட்ஸ்அப்பில் எடுத்தாள். “பெரியப்பா, கூச்சப்படாதேங்கோ, எனக்கு இது வேலை” என்று தொடங்கி, என் மனத்தில் கிடந்த கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். 2020ஆம் ஆண்டு உலகம் முழுக்க ஏறத்தாழ 36,000 பேருக்கு இந்த நோய் வந்து, 13,000 பேர் இறந்திருக்கிறார்கள். பணக்கார நாடுகளில் வருடத்துக்கு ஒரு இலட்சம் ஆண்களில் ஒருவர் அளவில்தான். பிரேசிலின் வடகிழக்கில், வறுமை கூடிய மரன்யாவ் மாநிலத்தில் ஆறு பேர். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு, அந்த ஒரு வருடத்தில் 10,000க்கும் மேல். பிறந்த கையோடு சுன்னத்துச் செய்கிற இஸ்ரேலில் மிக அரிது. வளர்ந்த பிறகு செய்தால் அந்தளவு காப்பு இல்லையாம்.

“அப்ப சுன்னத்துச் செய்யாத சனத்துக்கு இது எழுதிவைச்ச விதியோ?” என்று கேட்டேன். இல்லை என்றாள். டென்மார்க்கில் நூற்றுக்கு இரண்டு ஆண்கள்கூடச் சுன்னத்துச் செய்துகொண்டவர்கள் இல்லை. இருந்தும் 1943இலிருந்து 1990 வரை அங்கே இந்த நோய் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 1940இல் நூற்றுக்கு 35 வீடுகளில்தான் குளியலறை இருந்தது. 1990இல் 90 வீடுகளில் வந்துவிட்டது. ஆராய்ந்தவர்கள் அந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்திருக்கிறார்கள்.

எனக்கு உடனே எங்கள் பங்குக் கிணறுதான் கண்ணுக்குள் வந்தது. தம்பியும் நானும் அதில்தான் குளித்து வளர்ந்தோம். துலாவில் அள்ளி முப்பது வாளி ஊற்றாமல் எழும்பமாட்டோம், தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் குளிப்பு முழுக்கச் சாரத்தோடுதான். மச்சாள்மார் குடத்தோடு வருவார்கள், பக்கத்து வளவு அப்பு வாழைக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிற்பார். சவர்க்காரத்தைச் சாரத்துக்கு மேலால் ஒரு தேய், அவ்வளவுதான். முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக் கழுவவேண்டும் என்று அப்பா சொல்லவில்லை, சுகாதாரப் பாடத்திலும் வரவில்லை. 1995இல் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த மாதங்களில் தண்ணீரும் அருமை, மறைவும் இல்லை. அதோடு நான் முப்பது வருசம் கோடாச் சுருட்டுப் பிடித்தவன். புகையிலையும் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று டொக்டர் கொப்பியில் எழுதியே தந்தார். எனக்கு இதில் எது, எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாது. தம்பிக்குக் கதவு பூட்டிய குளியலறையும், வருத்தத்தைக் கூச்சமில்லாமல் கேட்கிற குடும்ப டொக்டரும் இருபத்தைந்து வயதிலேயே கிடைத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பேரனுக்கு நாலு வயது. சின்னப் பிள்ளைகளுக்கு முன்தோல் பின்னுக்குப் போகாமல் இருப்பது இயல்பு, பலவந்தமாக இழுக்கக்கூடாது. வளர்ந்த பிறகும் இறுகியிருந்தால் பூசுமருந்தால் இளக்கலாம், சரிவராவிட்டால் சின்ன ஒப்பரேசன். இரண்டும் இங்கேயே இலவசமாகக் கிடைக்கும். மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான். கேட்டான்.

போன மாதம் பொழுதுபட்ட நேரம் எங்கள் சங்கக் கடையில் முன்பு மூட்டை தூக்கினவர் ஒருவர் படலையில் நின்றார். வெங்காய விலை கதைத்தார், மழை கதைத்தார். தேத்தண்ணி குடித்து முடிந்தும் எழும்பவில்லை. மனுசி அடுக்களைக்குள் போனதும், “அண்ணை, உங்களுக்கு முதல் எப்பிடித் துவங்கினது?” என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். அவருக்கு மூன்று கிழமையாக ஒரு தடிப்பாம், பெண்சாதிக்கும் தெரியாதாம். அடுத்த செவ்வாய் விடிய ஐந்தரை பஸ்ஸுக்குச் சந்தியில் நிற்கச் சொன்னேன். நான் போகிறபோது அவர் எனக்கு முன்னமே வந்து, ஒரு கடைப் பையில் இரண்டு சாரத்தை மடித்து வைத்துக்கொண்டு நின்றார்.