மார்கழிக்கு முன்னால்

நவம்பர் 19

ஷெட்டுக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். மார்கழி பிறப்பதற்குள் காலி செய்தால் போதுமாம். மார்கழியில் யாரும் இடம் மாற மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆக டிசம்பர் 15. திருப்பூர்த் துணி மெஷினுக்குச் செய்கிற கார்பன் ஃபைபர் ரோலர் இன்னும் வெறும் குழாயாகக் கிடக்கிறது.

நவம்பர் 20

வரைபடத்தில் இரண்டு முனைத்தண்டும் அலுமினியம். எடை குறையட்டும் என்று போட்டிருப்பார்கள். எடை குறைய வேண்டியது குழாயில். அதைத்தான் கார்பன் ஃபைபரில் சுற்றியாகிவிட்டதே. மையத்தோடு ஒட்டிச் சுழல்கிற தண்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

ராத்திரி கணக்குப் போட்டேன். முனைத்தண்டில், குழாய்க்குள் பசை போட்டு ஒட்டுகிற கட்டை 110 மி.மீ. விட்டம். 80 டிகிரியில் பசை இறுகி, பிறகு 25-க்கு இறங்கினால் அலுமினியக் கட்டை 0.14 மி.மீ. சுருங்கும். எஃகு என்றால் 0.07. கார்பன் நூல் தன் நீளவாக்கில் சூட்டுக்கு அசைவதே இல்லை எனலாம். குழாயைச் சுற்றியும் நூல் ஓடுவதால் குழாய் இருந்த இடத்திலேயே நிற்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பசை. அதன் கனமே பக்கத்துக்கு 0.2 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு அலுமினியம் அதை உள்ளே இழுக்கும். பக்கவாட்டில் தள்ளினால் எப்பேர்ப்பட்ட பாரத்தையும் தாங்குகிற பசை, பிய்த்து இழுத்தால் சீக்கிரம் கைவிட்டுவிடும்.

இதுபோக உப்பு. சாயப்பட்டறைப் பக்கத்துக் காற்று எப்படி என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியமும் கார்பனும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது பேட்டரிதான், கரைவது அலுமினியம். போயிங் 787 விமானத்தில் எடையில் பாதி காம்போசிட் (கார்பன் மாதிரி நூலும் பிசினும் சேர்ந்தது), டைட்டானியம் மட்டும் 15 சதவீதம். காசு மிஞ்சிப்போயா அங்கே டைட்டானியம் போட்டார்கள்? கார்பன் பக்கத்தில் வைத்தாலும் அது அரிபடாது.

நமக்கு டைட்டானியம் கட்டாது.

நவம்பர் 22

எஸ்.எஸ். 410, அதாவது துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம், அதற்குச் சம்மதம். 304 கேட்டார்கள், மறுத்துவிட்டேன். சூட்டில் அது சாதா எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். 410 சாதா எஃகைவிடச் சற்றுக் குறைவு. குழாயின் உள்வாயில் மெல்லிய கண்ணாடித் துணி ஒரு சுற்று வைத்து ஒட்டிவிட்டால் உலோகமும் கார்பனும் நேராகத் தொடாது.

நவம்பர் 24

லேத் மாமா கட்டையைக் கடைந்து முடித்தார். உள்முனையைச் சரிவாக மெலிந்துகொண்டே போய் ஒரு மி.மீ. உதடாக முடிக்கச் சொல்லியிருந்தேன். "என்னங்க மாப்ள, தகடாட்ட இருக்குது, தொட்டா நெளியுது" என்றார். நெளியத்தான் வேண்டும். ஒட்டின நீளம் முழுக்கப் பாரம் சமமாகப் பரவாது, இரண்டு ஓரத்திலும் போய்க் குவியும். வோல்கர்சன் 1938-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். கட்டையை இரண்டு மடங்கு நீளமாக்கினால் பலமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். ஓரம் விறைப்பாக நின்றால் பசை முதலில் அங்கேதான் கிழியும்.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "வளைஞ்சு கொடுத்தாத்தானுங்க மாமா நிக்கும்" என்றேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

நவம்பர் 25

மழை.

நவம்பர் 26

மழை. புது ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நீலாம்பூர் தாண்டி, மூன்று பேஸ் இருக்கிறது, கூரை ஒழுகவில்லை. பக்கத்து ஷெட் ரப்பர் மோல்டிங். அச்சிலிருந்து ரப்பர் கழன்று வர என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். சிலிகான் ஸ்பிரேயாம், டப்பா டப்பாவாக.

சிலிகான்.

நவம்பர் 28

பனியன் வேஸ்ட் மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தேன். கோயமுத்தூரில் பனியன் வேஸ்ட் இல்லாத ஒர்க்‌ஷாப் உண்டா? கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் துணி மெத்தென்று இருக்க ஃபினிஷிங்கில் சிலிகான் சாஃப்ட்னர் போடுகிறார்கள். அந்தத் துணியை அசிட்டோனில் நனைத்துத் துடைத்தால் அழுக்கு போகும், சிலிகான் வந்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. பசைக்கு மட்டும் தெரியும்.

அப்பா மூட்டையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார், நனையுமாம்.

நவம்பர் 30

அப்பா ஆரம்பித்துவிட்டார். "ஏனப்பா, நாலு போல்ட்டப் போட்டு இறுக்கி உடறதுக்கு இத்தனை ரோசனையா?" நாற்பது வருசம் பம்பு வேலை பார்த்தவர், அவருக்கு இறுக்கினால்தான் பிடிப்பு. கார்பனில் துளை போட்டால் பாரம் சுமக்கிற நூல்தான் அறுபடும், டிரில் மறுபக்கம் வெளியேறும்போது அடுக்கு பிரியும் என்று சொன்னேன். "அப்ப ஏரோப்ளேன்ல?" என்றார். அங்கேயும் ஒட்டின இடத்தில் சில சமயம் ரிவெட்டும் அடிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஒட்டினது எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை, அந்தப் பயத்துக்குத்தான். அல்ட்ராசோனிக்கில் பசைக்குள் இருக்கிற குமிழி தெரியும், இடைவெளி தெரியும். தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற பசை, பிடித்துக்கொண்டிருக்கிற பசை மாதிரியேதான் தெரியும்.

வெல்டிங் என்றால் எக்ஸ்ரே எடுத்துக் காட்டலாம். இதில் காட்ட என்ன இருக்கிறது? எதனால் துடைத்தோம், எத்தனை மணிக்குத் தொட்டோம் என்று எழுதின நோட்டு ஒன்றுதான்.

டிசம்பர் 2

வெயில்! சாம்பிள் துண்டு ஒட்டினோம்.

டிசம்பர் 4

சாம்பிளை 80-இல் வேகவைத்து, சூடு ஆறியதும் பிரஸ்ஸில் வைத்துக் கட்டையைத் தள்ளினோம். சத்தம் ஷெட்டுக்கு வெளியே கேட்டிருக்கும். கட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். எஃகு எங்குமே வெளியில் தெரியவில்லை. மேலெல்லாம் பசை, பசைமேல் முடிமுடியாகக் கறுப்பு நூல், சில இடத்தில் கண்ணாடித் துணியின் பின்னல் அப்படியே பெயர்ந்து வந்திருந்தது. கிழிந்தது குழாய், ஒட்டு இல்லை. பளபளவென்று வெறும் எஃகு தெரிந்திருந்தால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

அப்பா கட்டையைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போல்ட் பேச்சும் இல்லை.

டிசம்பர் 6

ஒட்டும் நாள். கட்டையை அலுமினா தூளால் பிளாஸ்ட் அடித்து, புதுக் காடாத் துணியில் அசிட்டோன் தொட்டு, ஒரே திசையில், ஒரு துணி ஒரு தடவைதான். அப்புறம் சுத்தமான தண்ணீரை ஊற்றினோம். முதல் கட்டையில் தண்ணீர் படலமாகப் பரவி நின்றது, எங்கும் விலகவில்லை. இரண்டாவதில் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்தது. திரும்ப பிளாஸ்ட், திரும்பத் துடைப்பு. யார் கை பட்டது என்று கேட்கவில்லை. எல்லாருமே தலைக்கு எண்ணெய் வைக்கிற ஆட்கள்.

கட்டையைக் காயவைத்து, தராசில் நிறுத்துப் பசை கலந்தோம். கனம் 0.2-க்குக் குறையாமல் இருக்கப் பொடிக் கண்ணாடி மணி கலந்தாயிற்று. கட்டையைத் திருகித் திருகி உள்ளே விட்டோம், நேராகத் தள்ளினால் காற்று மாட்டும். ராத்திரி முழுக்க ஷெட் சூட்டிலேயே இறுகட்டும், கட்டை தன் அளவிலேயே இருக்கும்போது பசை பிடித்துக்கொள்ளும். நாளைக்குத்தான் ஓவன்.

டிசம்பர் 7

ஓவன் 80-ஐத் தொட்டதும் கரண்ட் போனது. மூன்று மணி நேரம். பசைக்கு ஒன்றும் ஆகாது, மீண்டும் ஏற்றி முழு நேரமும் வைத்தால் சரி. எனக்குத்தான் வேர்த்தது.

ஓவன் இல்லாமலும் பசை இறுகும். ஆனால் சும்மா இறுகின பசையில் பலதும் 60 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். இந்த ரோலர் நிற்கப்போவது ஸ்டென்டர் வாயில், துணியை விரித்துப் பிடித்துச் சூட்டில் காயவைக்கிற மெஷின் அது. "சூடெல்லாம் இருக்காதுங்க" என்கிறார் அங்கிருக்கிற சூப்பர்வைசர். இருக்காது என்றால் எத்தனை டிகிரி?

டிசம்பர் 9

முறுக்கிப் பார்த்தோம். ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையில் ஒரு மீட்டர் பைப் மாட்டி அதன் கோடியில் நான் ஏறி நின்றேன். சுமார் 700 நியூட்டன் மீட்டர், மெஷின் கேட்பது 90. கணக்குப்படி இதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும்.

இறங்கும்போது ஒரு ‘டிக்’.

பைப்பைத் தண்டோடு பூட்டுகிற சாவிக்கட்டை நகர்ந்த சத்தம் என்கிறார் மாமா. சாவிக்கட்டையில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது உண்மைதான். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம், கோணலில் மாற்றமில்லை. திரும்ப ஏறி நின்றேன், சத்தமில்லை.

டிசம்பர் 10

டிக்.

டிசம்பர் 11

குட்டி யானையில் ஏற்றி அனுப்பியாயிற்று. டெம்ப்ரேச்சர் கன் ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டேன், அளந்து சொல்லட்டும்.

ஷெட்டில் எதிரொலி கேட்கிறது. பாதி சாமான் போய்விட்டது.

டிசம்பர் 12

போன் இல்லை.

டிசம்பர் 13

கிரேன் வந்து லேத்தைத் தூக்கியது. மாமா பக்கத்திலேயே நடந்தார்.

மத்தியானம் திருப்பூர். "ஓடுதுங்க." சூடு? "58 காட்டுதுங்க." எந்த இடத்தில் பிடித்தீர்கள், நடுவிலா முனையிலா? "பாத்துட்டுச் சொல்றனுங்க." அத்தோடு வைத்துவிட்டார். முனையில் பேரிங் சூடும் சேரும், அதுதான் எனக்கு வேண்டும்.

டிசம்பர் 14

கடைசி லோடு ஓவன். ரப்பர்க்காரர் நல்ல மனுசன், ஆள் விட்டு இறக்க உதவினார். ஓவன் கதவில் அவர் கை வைத்த இடத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டேன், அவர் பார்க்கவில்லை. இரண்டு ஷெட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, மேலே நான்கடி திறந்து கிடக்கிறது. தகரம் அடிக்க ஆள் கேட்டிருக்கிறேன், காலையில் எட்டு மணிக்கு வரச் சொல்லி.