ஈதர் அலமாரி: அக்னி நட்சத்திரக் குறிப்புகள்

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பகல் 2 மணிக்கு லேப் சுவரில் 37 டிகிரி. நாங்கள் கரைப்பானாகப் பயன்படுத்தும் டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6. செய்முறைக் கையேடுகள் எல்லாம் 25 டிகிரி அறைக்காக எழுதியவை. இந்த மாதம் அவற்றை அப்படியே நம்பக்கூடாது.

புட்டியை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தாமல் திறக்க வேண்டாம். திறப்பதும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பியூம் ஹூட்டுக்குள்தான். முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைக் கொஞ்சமாகத் திருப்பி, உள்ளிருக்கும் அழுத்தம் இறங்கிய பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். வெயிலேறிய புட்டியைச் சட்டென்று திறந்தால் ஆவியோடு திரவமும் பீறிட்டுக் கை நனையும்.

மே 5

கீழ் அலமாரி, இடது மூலை. ஐசோப்ரோப்பைல் ஈதர், 500 மில்லி, பழுப்புப் புட்டி. திறந்த தேதி எழுதப்படவில்லை. மூடியின் மரையைச் சுற்றி வெள்ளைப் படிகம்.

யாரும் தொடவில்லை. பக்கத்துப் புட்டிகளையும் நகர்த்தவில்லை. அறை பூட்டியாயிற்று, கதவில் எச்சரிக்கை ஒட்டியாயிற்று.

மே 6

ராத்திரியெல்லாம் அந்த மூடிதான் கண்ணுக்குள்.

டைஎத்தில் ஈதரில் உண்டாகும் பெராக்சைடு என்ற வெடிக்கும் சேர்மம் பெரும்பாலும் பிசுபிசுத்த எண்ணெயாக அடியில் தங்கும். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ஐசோப்ரோப்பைல் ஈதரில் அது படிகமாகவே வந்து நிற்கும். ஆக்சிஜனை ஒட்டிய கார்பனில் இரண்டு மெத்தில் தொகுதிகள் இருப்பதால் அங்கிருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழல்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடத்தில் ஏறிக்கொள்கிறது. மூலக்கூறின் இரண்டு பக்கமும் இதே நிலை. அதனால்தான் திறந்தபின் 3 மாதத்துக்கு மேல் இதை வைக்கக்கூடாது என்கிறார்கள்.

மரை இடுக்கில் படிகம் இருந்தால், மூடியைத் திருப்பும் உரசலே வெடிக்கப் போதும். “பெராக்சைடு டெஸ்ட் பேப்பர் வைத்துப் பார்த்துவிடலாமே” என்று ஒருவர் கேட்டார். பேப்பரை நனைக்க மூடியைத் திறக்க வேண்டும். திறக்கவே கூடாது என்பதுதான் விஷயம். “ஃப்ரிட்ஜில் வைத்தால் அடங்குமா?” அடங்காது. தூக்கினாலே ஆபத்து. மேலும் குளிர்ச்சியால் பெராக்சைடு உண்டாவது நிற்பதில்லை. கரைந்திருப்பதையும் படிகமாக வெளியே தள்ளக்கூடும்.

வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அழைக்கச் சொல்லி மேலே கடிதம் போயிருக்கிறது.

மே 7

பதில் இல்லை.

மே 8

கொழுப்பு அளவிடும் சாக்ஸ்லெட் வேலையை (ஈதரைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துக் குளிர்வித்து மாதிரியிலிருந்து கொழுப்பைப் பிரிப்பது) நிறுத்த முடியாது என்கிறார்கள். சரி, அப்படியென்றால் இந்தக் குழாய்த் தண்ணீரில் வேண்டாம். மாடித் தொட்டித் தண்ணீர் இன்று 35 டிகிரி. ஈதர் கொதிப்பதே 34.6-ல். கண்டென்சருக்குள் அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆவி திரவமாகத் திரும்பாது, மேல் வாய் வழியாக அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது, எல்லாம் சரி என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

செய்ய வேண்டியது: பெரிய டப்பில் ஐஸ் பார் போட்டு, சின்ன சப்மெர்சிபிள் பம்ப் வைத்துத் தண்ணீரைச் சுற்ற விட வேண்டும். கண்டென்சருக்குள் போகும் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கொதிநிலைக்கு 20 டிகிரியாவது கீழே என்பது கணக்கு. டப்பும் அதன் பிளக் பாயிண்டும் ஹூட்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்; ஈதர் ஆவி காற்றைவிட சுமார் 2.6 மடங்கு கனம், தரையைத் தேடித்தான் போகும். ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் கிளிப். ஐஸ் தண்ணீரில் குழாய் விறைத்துக் கழன்றுவிடும், கிளிப் இல்லாமல் விடக்கூடாது.

சூடு வாட்டர் பாத்தில் மட்டும், 45 முதல் 50 டிகிரி. ஹாட் பிளேட் கூடவே கூடாது. ஈதர் ஆவி பற்றிக்கொள்ளத் தீப்பொறியே வேண்டாம், சுமார் 160 டிகிரியில் ஒரு பரப்பு இருந்தாலே போதும். ஹாட் பிளேட்டின் மேல்தட்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும்; அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு இறங்காது. பழைய மாடல்களில் தெர்மோஸ்டாட் ‘டிக்’கென்று விழும்போது உள்ளே பொறி வேறு.

வாட்டர் பாத்தை, ஏற்றி இறக்கக்கூடிய தாங்கியான லேப் ஜாக் மேல் வைக்க வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், ஹூட் விசிறியும் நிற்கும், ஆனால் பாத்திலிருக்கும் சூடு நிற்காது. ஜாக்கை இறக்கினால் பிளாஸ்க் உடனே சூட்டிலிருந்து விடுபடும். சீராகக் கொதிக்க உதவும் போர்சிலின் துண்டுகளை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும். சூடேறிய ஈதரில் போட்டால் பொங்கி வழியும்.

மே 9

40 டிகிரி. பதில் இல்லை.

மே 11

இன்று முழுக்க ஓவன் பற்றிய கவலை.

சாக்ஸ்லெட் முடிந்ததும் கொழுப்பு பிளாஸ்க்கை 105 டிகிரி ஹாட் ஏர் ஓவனில் வைத்து எடை நிலைக்கும் வரை உலர்த்துவது வழக்கம். பிளாஸ்க்கில் 5 மில்லி ஈதர் மிச்சமிருந்தாலும் அது ஓவனுக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் ஆவியாகும். உள்ளே இருப்பது மூடிய பெட்டி, சிவக்கும் ஹீட்டர் சுருள், பொறிவிடும் தெர்மோஸ்டாட். கதவு பறந்து வரும். முதலில் ஹூட்டுக்குள் வாட்டர் பாத்தில் வைத்து ஈதர் வாசம் அறவே போகும் வரை ஆவியாக்க வேண்டும், பிறகு கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும், அதற்கப்புறம்தான் ஓவன். அவசரம் இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம்.

ஆவியாக்கும் முன் இன்னொன்று பார்க்க வேண்டும். ஈதர் போகப் போக அதிலிருந்த பெராக்சைடு பிளாஸ்க் அடியில் சேர்ந்துகொண்டே வரும். பெராக்சைடு சோதிக்காத ஈதரைக் கடைசிச் சொட்டு வரை வற்றவிடுவது உயிரோடு விளையாடுவது. காய்ச்சி வடிப்பதானால் பத்தில் ஒரு பங்காவது பிளாஸ்க்கில் விட்டுவிட்டு நிறுத்த வேண்டும்.

மே 12

பெராக்சைடு சோதனை, நல்ல நிலையிலுள்ள புட்டிகளுக்கு மட்டும்: 1 மில்லி ஈதர், 1 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், 5 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் சில சொட்டு, குலுக்க வேண்டும். நிறமில்லை என்றால் நல்லது. இளமஞ்சள் என்றால் பெராக்சைடு இருக்கிறது. பழுப்பு என்றால் அந்தப் புட்டியை மூடிக் கழிவுக்கு ஒதுக்க வேண்டும். அயோடைடு கரைசல் அன்றன்று கலக்கியதாக இருக்கட்டும். பழையது காற்றிலேயே மஞ்சளாகிப் பொய் சொல்லும். டெஸ்ட் பேப்பர் ஸ்ட்ரிப் வசதி, ஆனால் ஈதர் ஆவியானபின் அதன்மேல் மெதுவாக வாயால் ஊதி ஈரம் கொடுத்தால்தான் நீலம் வரும். ஊதாமல் “நெகடிவ்” என்று எழுதியவர்கள் உண்டு.

எல்லாப் புட்டியிலும் இரண்டு தேதி: வந்தது, திறந்தது. பெராக்சைடு உண்டாவதைத் தாமதப்படுத்தும் பிஎச்டி (BHT) சேர்த்த டைஎத்தில் ஈதரும், ஈதர் வகையைச் சேர்ந்த இன்னொரு கரைப்பானான டிஎச்எஃபும் (THF) திறந்து 12 மாதம் ஆனால் கழிவு.

மே 13

மூடி. அந்த மூடி.

மே 15

100 மில்லி சிந்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். 71 கிராம், ஆவியானால் சுமார் 24 லிட்டர். காற்றில் 1.9 சதவீதம் சேர்ந்தாலே பற்றும் என்பதால், அது சுமார் 1,260 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக்கும். மேல் வரம்பு 36 சதவீதம், அதாவது பற்றாத அளவுக்கு அடர்ந்துபோவது அரிது.

இந்தக் கணக்கைப் பார்த்தால் சுவரின் மேலே பொருத்தியிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு உதவாத பொருள் என்று தெரியும். ஆவி கீழே கிடக்கிறது, விசிறி மேலே சுற்றுகிறது. உறிஞ்சினாலும் அதன் சாதாரண மோட்டார் வழியாகத்தான் உறிஞ்சும். சிந்தினால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னல், கதவு, ஆட்கள் வெளியே. அவ்வளவுதான்.

வீட்டு ஃப்ரிட்ஜில் ஈதர் வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கதவு விளக்கின் ஸ்விட்ச் உள்ளே, தெர்மோஸ்டாட் உள்ளே. ஈதரின் தீப்பற்று நிலை மைனஸ் 45. ஃப்ரீசர் குளிரிலும் பற்றக்கூடிய ஆவி வரும். உள்ளே பொறி வராதபடி செய்த ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் ஈதரை வாங்கிச் சேர்க்காதீர்கள், தேவைக்கு 500 மில்லி மட்டும் வாங்குங்கள்.

மே 16

பாலியஸ்டர் துப்பட்டாவோடு ஹூட் முன்னால் நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. உருகித் தோலோடு ஒட்டும். 2008 டிசம்பர் 29, லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகம்: சிரிஞ்சின் பிஸ்டன் கழன்று டெர்ஷியரி பியூட்டைல் லித்தியம் தெறித்தது, பக்கத்தில் ஹெக்சேனும் சிந்தியது, அந்தப் பெண் போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர், மேலே லேப் கோட் இல்லை. 18 நாளில் இறந்துபோனார். பருத்திக் கோட் ஒன்று என்ன விலை வந்துவிடும்?

மே 18

60 முதல் 80 டிகிரிக்குள் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதருக்கு மாறலாம் என்று முடிவு. பெயரில்தான் ஈதர், வெறும் ஹைட்ரோகார்பன், இந்த மாதிரி பெராக்சைடு பயம் இல்லை, தொட்டித் தண்ணீரிலும் ஓரளவு குளிரும். தீ பயம் அப்படியே இருக்கிறது. கிடைக்கும் கொழுப்பு அளவு ஒப்பிடக்கூடியதா என்று ஒரே சாம்பிளை இரண்டிலும் செய்து பார்க்க வேண்டும்.

மே 19

39. மூடிய அறைக்குள் இன்னும் அதிகம் இருக்கும். ஏசி போட ஸ்விட்ச் உள்ளேதான்.

மே 21

வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வருகிறார்களாம், தேதி சொல்லவில்லை. வரைபடம் கேட்டிருக்கிறார்கள்: எந்தத் தட்டு, சுவரிலிருந்து எத்தனை அங்குலம், பக்கத்துப் புட்டிகளில் என்ன. வலப்பக்கம் டிஎச்எஃப் ஒரு லிட்டர், பின்னால் நைட்ரிக் அமிலம். அது அங்கே இருக்கவே கூடாது. அலமாரிக் கதவின் கீழ்க்கீல் துருப்பிடித்திருக்கிறது, இழுத்தால் தட்டு அதிரும். அதையும் சிவப்பில் எழுத வேண்டும்.